வான்கோழியை ஆடு, கோழி, வாத்தோடு வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஏற்கெனவே நாலைந்து வெள்ளாடு, கொஞ்சம் நாட்டுக்கோழி, ஒரு ஜோடி வாத்து என்று இருக்கும். சந்தையிலோ சொந்தக்காரர் தோட்டத்திலோ வான்கோழியைப் பார்த்ததும் ஆசை வந்துவிடும். வாங்குவதற்கு முன்னால் கேட்பவர்கள் குறைவு; வாங்கி வந்து இரண்டு குஞ்சு செத்த பிறகு போன் செய்பவர்கள்தான் அதிகம். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

வான்கோழிக்கு நிறைய இடம் வேணுமா? எங்க வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம்தான் இருக்கு.

ராத்திரி அடைவதற்கு, வளர்ந்த பறவை ஒன்றுக்கு 4 முதல் 5 சதுர அடி போதும். நாலு பறவைக்கு ஆறுக்கு ஐந்தடி கொட்டகை தாராளம். பகலில் உலாவத்தான் இடம் தேவை. மேய்ச்சல் முறையில் ஏக்கருக்கு 200 முதல் 250 வரை விடலாம் என்பது வழக்கமான கணக்கு. பத்துக்குப் பத்து இடத்தில் நாளெல்லாம் அடைத்து வைத்தால் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும், மண்ணும் சீக்கிரம் கெட்டுப்போகும். இரண்டு சென்ட் வேலி போட்ட இடம் இருந்தால் மூன்று நாலு பறவை நிம்மதியாக வளரும்.

ஒரு ஜோடி போதுமா?

ஒரு ஆண், ஒரு பெட்டை என்று வாங்குவதை நான் சிபாரிசு செய்வதில்லை. ஆண் கனமானது. ஒரே பெட்டை மேல் மறுபடி மறுபடி ஏறினால் நகம் பட்டு முதுகுத் தோல் கிழிந்துவிடும். நடுத்தர எடை ரகத்தில் ஓர் ஆணுக்கு ஐந்து பெட்டை, கனத்த ரகத்தில் மூன்று பெட்டை என்பது சரியான விகிதம். முட்டையோ குஞ்சோ வேண்டாம், அழகுக்கும் பாசத்துக்கும்தான் என்றால் இரண்டு பெட்டை மட்டும் வளர்க்கலாம்; சத்தமும் குறைவு.

ஒற்றைப் பறவையாக வளர்த்தால் மனிதர்கள் பின்னாலேயே சுற்றும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது ஆணாக இருந்தால் பின்னால் வேறு தொல்லை வரும். கீழே ஆண் வான்கோழி பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

எந்த ரகம் வாங்குறது?

தமிழ்நாட்டு வெயிலுக்கு நந்தனம் வான்கோழி-1 பொருத்தமானது. நாட்டுக் கறுப்பு வகையையும் பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளையையும் கலந்து உருவாக்கியது. அகன்ற மார்பு வெண்கலம், அகன்ற மார்பு வெள்ளை ஆகிய இரண்டும் இறைச்சிக்காகவே வளர்த்தெடுத்த கனத்த ரகங்கள். செல்லமாகப் பல வருடம் வைத்திருக்க நினைப்பவர்கள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. உடம்பு எடையைக் கால் தாங்காது. இலேசான ரகம் என்றால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடம் வரைகூட இருக்கும்.

கோழிக்கூண்டையே கொஞ்சம் பெருசாக்கினா ஆகாதா?

அளவைப் பெரிதாக்குவதைவிடக் கதவையும் பரணையும் மாற்றுவதுதான் முக்கியம். ஆண் வான்கோழி வாலை விரித்தபடியே நுழையும் பறவை. ஒன்றரை அடி வாசலில் இறகு உரசி ஒடியும். இரண்டரை அடி அகலமாவது விடுங்கள். அடைய வைக்கும் கட்டையை உருண்டையாகப் போடாமல் இரண்டு மூன்று அங்குல அகலமுள்ள தட்டையான பலகையாக, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் போடுங்கள். உயரமான கட்டையிலிருந்து தினமும் குதித்தால் பாதம் வீங்கிச் சீழ் வைக்கும்.

கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், இரண்டு பக்கமும் கம்பி வலை, மேலே ஓலையோ கூரை ஓடோ. தகரம் போட்டால் சித்திரை வெயிலில் உள்ளே நிற்க முடியாது. வேறு வழியில்லை என்றால் தகரத்தின் மேல் தென்னங்கீற்று பரப்புங்கள். தரைக்கு உமி அல்லது மரத்தூள் இரண்டு அங்குலம் பரப்பி, மேலே மேலே சேர்த்து நாலு அங்குலம் வரை கொண்டுவரலாம். கடலைத்தோல் போடுகிறவர்கள் அது பூஞ்சணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூஞ்சணத் தூசியை மூச்சில் இழுத்தால் குஞ்சுகளுக்கு நுரையீரல் போய்விடும்.

வலையின் கண் முக்கால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கீரியும் மரநாயும் நுழைய உள்ளங்கை அளவு ஓட்டையே அதிகம்.

குஞ்சு வாங்கிட்டு வந்தா மூணு நாள்ல ஒண்ணொண்ணா சாகுது. நோயா?

பெரும்பாலும் பட்டினி. கோழிக்குஞ்சு பொரித்ததும் தானாகக் கொத்தித் தின்னும். வான்கோழிக் குஞ்சுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. தீவனத் தட்டின் மேலேயே நின்றுகொண்டு பட்டினியில் சாகும். முதல் இரண்டு வாரம் தீவனம் தின்ன நாம்தான் பழக்க வேண்டும். தட்டை விரலால் மெல்லத் தட்டினால் சத்தத்துக்கு வரும். பச்சை நிறம் இவற்றை இழுக்கும் என்பதால் பொடியாக நறுக்கிய கீரையைத் தீவனத்தின் மேல் தூவுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் வண்ணக் கோலிக்குண்டு நாலைந்து போட்டால் அதைக் கொத்தப் போய்த் தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொள்ளும். குண்டு கிண்ணத்தை நிரப்புவதால் குஞ்சு உள்ளே விழுந்து நனைவதும் இல்லை. பத்துக் குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டையைப் பொடித்துக் கொடுப்பதும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால் கலந்து வைப்பதும் 15 நாள் வரை செய்யலாம். பால் கலந்த தண்ணீரை வெயில் நாளில் அரை நாளுக்கு மேல் வைக்காதீர்கள், புளித்துவிடும்.

அடுத்த காரணம் குளிர். முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே வந்து நாலாவது வாரத்தோடு நிறுத்தலாம். வெப்பமானி இல்லையா, குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சூடு போதவில்லை. ஓரமாகப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். இடி, பட்டாசு, நாய் குரைப்பு என்று எதற்கும் மிரண்டு மூலையில் குவியும். அடியில் மாட்டியது நசுங்கிவிடும். அதனால் அடைப்பை வட்டமாகப் போடுங்கள், மூலையே இருக்கக் கூடாது. செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால் வழுக்கி விரியும், மேலே சாக்குத் துணி போடுங்கள்.

கோழிக்குஞ்சுத் தீவனமே போட்டா என்ன?

புரதம் பத்தாது. வான்கோழிக் குஞ்சுக்கு முதல் நாலு வாரம் 28 சதவீதம் புரதம் தேவை, எட்டு வாரம் வரை 26, பன்னிரண்டு வரை 22, அதன்பின் படிப்படியாகக் குறைந்து ஆறு மாதத்தில் 14 முதல் 16 சதவீதத்துக்கு வந்துவிடும். முட்டைக்கோழிக் குஞ்சுத் தீவனத்தில் 20 சதவீதம் சுற்றித்தான் இருக்கும். அதை மட்டும் போட்டால் குஞ்சு உடனே சாகாது, ஆனால் வளர்த்தி பின்தங்கும், நியாசின் என்ற பி வைட்டமின் போதாமல் கால் வளையும். வான்கோழித் தீவனம் கிடைக்காத ஊர்தான் அதிகம். பிராய்லர் முதல்நிலைத் தீவனத்தில் 22, 23 சதவீதம் இருக்கும். அதோடு சோயாப் புண்ணாக்குத் தூளும் அவித்த முட்டையும் சேர்த்து ஈடுகட்டலாம். ஆனால் அந்த மூட்டையை வாங்குவதற்கு முன் அடுத்த கேள்வியைப் படித்துவிடுங்கள்.

பிராய்லர் தீவனம் போட்டதும் பெரிய வான்கோழி கால் இழுத்துக்கிட்டு படுத்துடுச்சு. தீவனத்துலதான் ஏதாவதா?

இருக்கலாம். பிராய்லர் தீவனத்தில், காக்சிடியா என்ற கிருமியால் வரும் இரத்தக்கழிச்சலைத் தடுக்கும் மருந்தைப் பல கம்பெனிகள் கலந்தே அனுப்புகின்றன. கோழிக்கு ஒத்துக்கொள்ளும் சாலினோமைசின், நராசின் என்ற இரண்டும் வான்கோழிக்கு விஷம். தசை செயலிழந்து, நெஞ்சு தரையில் பட, கால் பின்னால் நீட்டியபடி படுத்துவிடும். வளர்ந்த பறவைக்குத்தான் ஆபத்து அதிகம். மாற்று மருந்து கிடையாது. தீவனத்தை அந்த நிமிடமே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுவது ஒன்றுதான் வழி.

மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். சீட்டு இல்லாத, உதிரியாக எடைபோட்டு விற்கும் தீவனத்தை வான்கோழிக்கு வாங்காதீர்கள். கடைக்காரரிடம் ‘காக்சிடியா மருந்து கலக்காத தீவனம்’ என்று கேட்டால் அவருக்குப் புரியும்.

பெரிசானதுக்கு வீட்டுலயே தீவனம் அரைச்சுக்கலாமா?

தாராளமாக. நூறு கிலோவுக்கு மக்காச்சோளம் 45, கம்பு அல்லது குருணை 10, அரிசித் தவிடு 20, சோயாப் புண்ணாக்கு 15, மீன் தூள் 5, கிளிஞ்சல் தூள் 3, தாது உப்புக் கலவை 2 கிலோ என்று அரைத்தால் புரதம் 16 சதவீதத்தை ஒட்டி வரும். மீன் தூள் உப்புப் போடாததாக இருக்க வேண்டும். சமையலுக்கு வாங்கும் கருவாட்டை இடித்துப் போட்டால் உப்பு ஏறிப் பறவை வயிற்றுப்போக்கில் போய்விடும், குஞ்சு என்றால் இன்னும் வேகம். முட்டையிடும் பெட்டைக்குக் கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் கூடுதலாக வைத்தால் வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கலவை ஆறு மாதம் தாண்டிய பறவைக்கு. குஞ்சுக்கு அரைக்க வேண்டுமானால் சோயாவே கிட்டத்தட்டப் பாதி பங்கு வரும். கையில் நாலைந்து குஞ்சு வைத்திருப்பவர் அதற்கு மெனக்கெட வேண்டாம்.

கடலைப்புண்ணாக்கு சீப்பா கிடைக்குது. சோயாவுக்குப் பதிலா அதையே போடவா?

புதிதாக ஆட்டிய, காய்ந்த புண்ணாக்கு என்றால் கொஞ்சம் சேர்க்கலாம். மழையில் நனைந்தது, மக்கு வாடை அடிப்பது, உடைத்தால் உள்ளே பச்சை பூத்தது என்றால் மாட்டுக்கும் வேண்டாம், வான்கோழிக்கு வேண்டவே வேண்டாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப்புண்ணாக்கில் இருந்த பூஞ்சண நஞ்சுதான் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அஃப்ளடாக்சின் என்ற பெயரே அந்தச் சாவுகளை ஆராயப் போனதில்தான் பிறந்தது. வாத்துக்குஞ்சும் வான்கோழிக்குஞ்சும் இந்த நஞ்சைக் கோழிக்குஞ்சு அளவுக்குத் தாங்காது. வேகவைத்தாலும் வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. சொத்தை விழுந்த மக்காச்சோளத்துக்கும் இதே பேச்சுத்தான்.

கீரை, புல்லு எவ்வளவு கொடுக்கலாம்?

வளர்ந்த பறவைக்கு நிறையவே. கோழியைவிட இது நல்ல மேய்ச்சல்காரப் பறவை. குதிரைமசால், வேலிமசால், முயல்மசால், அகத்தி, முருங்கை எல்லாம் விரும்பித் தின்னும். ஆட்டுக்கு வேலிமசால் போட்டிருப்பவர்களுக்கு இதில் தனிச் செலவே இல்லை. விரற்கடை நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள். நாரோட்டமான நீளப் புல்லை அப்படியே விழுங்கினால் இரைப்பையில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். பளபளப்பான எதையும் கொத்தி விழுங்கும் பழக்கமும் உண்டு. ஆணி, கட்டுக்கம்பித் துண்டு, ஊக்கு என்று கொட்டகை கட்டிய கையோடு தரையைத் துழாவி எடுத்துவிடுங்கள்.

நாட்டுக்கோழியோட சேர்த்து விடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி வேலி போட்டுப் பிரித்தால் பக்கத்தில் பக்கத்தில் வளர்க்கலாம். ஒரே தரையில் விட வேண்டாம் என்பதுதான் என் முடிவு. காரணம் கருந்தலை நோய். அதை உண்டாக்கும் நுண்ணுயிர் கோழியின் குருட்டுக்குடலில் வாழும் சின்னப் புழுவோடு சேர்ந்து பரவுகிறது. கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, தூக்கிச் சுமக்க மட்டும் செய்யும். அந்தப் புழுவின் முட்டை எச்சத்தோடு மண்ணில் விழும். நுண்ணுயிர் தனியாக வெளியே கிடந்தால் சில மணி நேரத்தில் செத்துவிடும். புழு முட்டைக்குள் இருந்தாலோ வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். மண்புழு அந்த முட்டையைத் தின்று வைத்திருக்கும், மழை பெய்ததும் மண்புழு மேலே வரும், வான்கோழி அதைக் கொத்தும். வந்த வினை அவ்வளவுதான்.

மூன்று முதல் பன்னிரண்டு வார வயதுக் குஞ்சுகளை மோசமாகத் தாக்கும். ஒரு குஞ்சுக்கு வந்துவிட்டால் புழு இல்லாமலேயே எச்சம் வழியாக மற்றதற்கும் தொற்றும்; மொத்தமும் போனவர்கள் உண்டு. தலை கறுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், பல பறவைகளில் அது தெரிவதே இல்லை. இறக்கை தொங்கி, கண்ணை மூடி, தனியாக ஒதுங்கி நிற்பதும், எச்சம் கந்தக மஞ்சளாகப் போவதும்தான் அடையாளம். செத்த பறவையை மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்த்தால் ஈரலில் வட்ட வட்டமாகக் குழிந்த புள்ளிகள் தெரியும்.

நம்பி வாங்கிக் கொடுக்க நல்ல மருந்து இல்லை என்பதால் தடுப்பதுதான் வழி. கோழி மேய்ந்த இடத்தில் வான்கோழியை விடாதீர்கள். கோழி, வான்கோழி இரண்டுக்கும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மருந்து கொடுங்கள். கோழிக்கூண்டைக் கூட்டிவிட்டு அதே செருப்போடு வான்கோழிக் கொட்டகைக்குள் போகாதீர்கள். வாசலில் ஒரு ஜோடி பழைய செருப்பைத் தனியாகப் போட்டு வைப்பது செலவில்லாத காரியம். தினமும் வேலையை வான்கோழியில் தொடங்கிக் கோழியில் முடியுங்கள்.

நான் ரொம்ப வருஷமா ரெண்டையும் ஒண்ணாத்தான் விடறேன். ஒண்ணும் ஆகலையே?

ஆகாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கோழியில் அந்த நுண்ணுயிர் இல்லாமல் இருக்கலாம். மணற்பாங்கான, காய்ந்த நிலம் என்றால் மண்புழுவும் குறைவு. சந்தையிலிருந்து ஒரு புதுக்கோழி வந்து சேரும் நாளில் இந்தக் கணக்கு மாறிவிடும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, பிரிக்க முடியாது என்றால் வெளிக்கோழி சேர்ப்பதையாவது நிறுத்துங்கள். குஞ்சுகளை மட்டும் நாலு மாதம் வரை கோழி மிதிக்காத தரையில் வளர்த்துவிட்டு அப்புறம் விடுங்கள்.

நாட்டுக்கோழி அடியில வான்கோழி முட்டை வெச்சுப் பொரிக்கலாமில்ல?

பொரிக்கும். வான்கோழி முட்டை 80 கிராமுக்கு மேல் இருக்கும், நாட்டுக்கோழி நாலைந்தைத்தான் அணைத்து உட்கார முடியும். கோழி முட்டைக்கு 21 நாள், வான்கோழி முட்டைக்கு 28 நாள். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் கோழிக்குஞ்சு வந்ததும் தாய் எழுந்து போய்விடும், வான்கோழி முட்டை பாதியில் ஆறிவிடும். கலந்து வைப்பதானால் வான்கோழி முட்டையை ஒரு வாரம் முன்னால் வையுங்கள்.

ஆனால் பொரித்த குஞ்சைக் கோழி கூட்டிக்கொண்டு மேயப் போனால் மேலே சொன்ன கருந்தலை ஆபத்து முழுதாக வந்து சேரும். பொரித்த அன்றே குஞ்சை எடுத்துப் பல்பு வெளிச்சத்துக்கு மாற்றுகிறவர்கள் மட்டும் இதைச் செய்யலாம். வான்கோழிப் பெட்டையே நல்ல அடைப்பறவை. பத்துப் பன்னிரண்டு முட்டையைப் பொறுமையாக உட்கார்ந்து பொரித்துவிடும். சாப்பிட எழுந்திருக்காமல் மெலிந்துபோகும் பெட்டைகளும் உண்டு, தினம் ஒருமுறை தூக்கிவிட்டுத் தண்ணீர் காட்டுங்கள்.

எங்க தோட்டத்துக்கு மயில் கூட்டமா வந்து தீவனத்தைத் தின்னுது. பரவாயில்லையா?

தாராபுரம், காங்கயம் பக்கம் இந்தக் கேள்வி இல்லாத நாளே இல்லை. மயிலும் கோழி இனம்தான். குடற்புழுவையும் அதன் வழியாகக் கருந்தலையையும் கொண்டுவர முடியும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மயிலுக்கு முழுப் பாதுகாப்பு உண்டு, பிடிப்பதும் அடிப்பதும் விஷம் வைப்பதும் குற்றம். நாம் செய்யக்கூடியது தீவனத்தைத் திறந்தவெளியில் கொட்டாமல் கொட்டகைக்குள் வைப்பது. தீவனம் இல்லாத இடத்துக்கு மயில் தினமும் வராது.

வாத்து?

நோயைவிட ஈரம்தான் பிரச்சினை. வாத்து தண்ணீரை அலசி, சேற்றை அள்ளி, கொட்டகையை ஒரே நாளில் சொதசொதவென்று ஆக்கிவிடும். ஈரக் கூளத்தில் நிற்கும் வான்கோழிக்குப் பாதத்தில் புண் வரும், அம்மோனியா நெடியில் கண் எரியும். பகலில் ஒரே தோட்டத்தில் திரியலாம், ராத்திரி தனி இடம், தண்ணீர்த் தொட்டியும் தனி.

ஏரி, குளத்துக்குப் போய்வரும் வாத்து என்றால் அதையும் சேர்க்க மாட்டேன். காட்டு நீர்ப்பறவைகளிடமிருந்து பறவைக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும். 2014இல் கேரளத்து ஆலப்புழைப் பக்கம் வாத்துக் கூட்டங்களில்தான் அது வெடித்தது.

கினிக்கோழி?

மேய்ச்சலில் ஒத்துப்போகும், ஆனால் அதே குருட்டுக்குடல் புழு இதற்கும் உண்டு. கோழிக்குச் சொன்னது அப்படியே பொருந்தும். தவிர, கினிக்கோழி தீவனத் தட்டில் அடாவடி; சாதுவான வான்கோழிப் பெட்டைகள் ஒதுங்கிப் பட்டினி கிடக்கும். தட்டுகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

ஆட்டுப் பட்டியில சேர்த்து அடைக்கலாமா? ராத்திரி நரி, நாய் பயம் இருக்கு.

பகலில் ஆடும் வான்கோழியும் ஒன்றாக மேய்வது நல்ல ஜோடி. ஆடு செடியைக் கடிக்கும், வான்கோழி வெட்டுக்கிளியையும் பூச்சியையும் பொறுக்கும், ஆட்டின் மேல் ஏறியிருக்கும் உண்ணியைக்கூட எட்டிக் கொத்தும். ஆட்டின் இரத்தக்கழிச்சல் கிருமி வேறு, பறவையினது வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகாது.

ராத்திரிக்கு வேண்டாம். படுத்த ஆடு நகரும்போது குஞ்சு நசுங்கும். பெரிய பறவை ஆட்டுத் தொட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, விடியும்போது தீவனமும் தண்ணீரும் எச்சமாகக் கிடக்கும். பரண் போட்ட கொட்டகையில் பரணுக்கு அடியில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். மேலிருந்து மூத்திரம் சொட்டும் இடத்தில் எந்தப் பறவையும் தேறாது. பட்டியின் சுவரை ஒட்டித் தனி வலைக்கூண்டு கட்டினால் ஆட்டுக்குக் காவல் இருக்கும் நாயே இதற்கும் போதும்.

ஆடு புகுந்து வான்கோழித் தீவனத்தைத் தின்னுடுச்சு. என்ன பண்றது?

ஒரு கை அளவு என்றால் பயப்பட வேண்டாம். வயிறு முட்டத் தின்றிருந்தால் அவசரம். மாவான தானியம் ஆட்டின் வயிற்றில் புளித்து அமிலமாகி உப்புசம் வரும், தாமதித்தால் சாவும் வரும். தண்ணீரைத் தாராளமாகக் காட்டாமல், மேலும் தீவனம் வைக்காமல், மருத்துவரைக் கூப்பிடுங்கள். பிராய்லர் மூட்டை என்றால் அதில் இருந்த மருந்தின் பெயரையும் சொல்லுங்கள். அந்த மருந்துகள் அளவு மீறினால் ஆட்டின் இதயத்தையும் பாதிக்கும். குதிரைக்குக் கொஞ்சமே போதும், உயிரை எடுத்துவிடும்.

செம்மறி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கோழித் தீவனத்தில் சேர்க்கும் தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் திடீரென்று சாய்த்துவிடும். தினம் கொஞ்சம் தின்றாலும் ஆபத்துத்தான். மறுதலையாக, ஆட்டு அடர்தீவனத்தை வான்கோழிக்குப் போடுவதும் வேண்டாம். சிலவற்றில் யூரியா கலந்திருக்கும். தீவன இடத்துக்குப் பறவை மட்டும் நுழையும் அளவில் குறுக்குக் கம்பி அடித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

முயல் கூண்டுக்கு அடியில விடலாமா?

சிந்திய குச்சித்தீவனத்தைப் பொறுக்கத்தான் எல்லோரும் விடுகிறார்கள். கீழே மூத்திர ஈரம் இல்லாமல் காய்ந்த தரையாக இருந்தால் பகலில் விடலாம். ஆணின் திடீர்க் கத்தலுக்கு முயல் மிரளும். குட்டி போட்ட முயல் மிரண்டால் குட்டியை மிதித்துவிடும். ஈன்ற சமயத்தில் மட்டும் தள்ளி வையுங்கள்.

பன்றி இருந்த கொட்டகை காலியா கிடக்கு, அதுல விடலாமா?

வேண்டாம். பன்றியிடம் இருக்கும் எரிசிபெலாஸ் என்ற நோயின் கிருமி மண்ணில் தங்கும், வான்கோழிக்கு வந்தால் நேற்று நன்றாக இருந்தது இன்று செத்துக் கிடக்கும். தோலில் புண் இருந்தால் மனிதர் கைக்கும் தொற்றும்.

ஆண் வான்கோழி குழந்தைங்களைத் துரத்துது. பழக்கலாமா?

ஏழெட்டு மாதத்தில் பருவத்துக்கு வரும்போது இது தொடங்கும். குஞ்சிலிருந்தே தனியாகக் கையில் வளர்த்த ஆண்தான் அதிகம் சண்டைக்கு வரும். மனிதரையும் தன் இனமாக நினைத்து யார் பெரியவர் என்று பார்க்கிறது. வாலை விரித்து, இறக்கை நுனியைத் தரையில் உரசி, தலை வெள்ளையும் நீலமுமாக மாறினால் வெறும் பகட்டு. கழுத்துத் தொங்கல் இரத்தச் சிவப்பாகி, வாலை மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் நெருங்கினால் கொத்தப் போகிறது. அடிக்காதீர்கள், அடித்தால் போட்டி என்றே எடுத்துக்கொள்ளும். நீளக் குச்சியைக் குறுக்கே நீட்டி மெதுவாக ஓட்டினால் எந்த வயதுப் பறவையும் நகரும். ஓடவும் கூடாது. பெட்டைகளோடு விட்டால் பாதி கோபம் அடங்கும்.

பைக்கின் பளபளப்பிலும் கண்ணாடி ஜன்னலிலும் தன் உருவத்தைக் கண்டு கொத்துவதற்கு ஒரே மருந்து அதை மூடி வைப்பது. குக்கர் விசில் அடித்தாலும் பதிலுக்குக் கத்தும், அதைத் தடுக்க முடியாது. பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே நல்லுறவில் இருங்கள்.

வான்கோழி இருந்தா பாம்பு வராதாமே?

வரும். பார்த்தால் கூட்டமாகச் சூழ்ந்து சத்தம் போடும், சின்னப் பாம்பைக் கொத்தும், அதனால் நமக்குத் தெரிந்துவிடும். அவ்வளவுதான். சாரைப்பாம்பு முட்டையை எடுத்துப்போவதும் நடக்கத்தான் செய்கிறது.

தடுப்பூசி எதெல்லாம் போடணும்?

பொரித்த முதல் நாளில் கோழிக்கழிச்சலுக்கு (ராணிக்கெட் நோய்) சொட்டு மருந்து, நாலைந்து வாரத்தில் அம்மைத் தடுப்பூசி, ஆறாவது வாரத்தில் கழிச்சலுக்கு மறு ஊசி, எட்டு முதல் பத்து வாரத்தில் காலராத் தடுப்பூசி என்பது வழக்கமான வரிசை. கருந்தலைக்குத் தடுப்பூசி கிடையாது. நாட்டுக்கோழிக்கு ஊசி போட மருத்துவமனையில் நாள் சொல்லும்போதே வான்கோழியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

எருவை ஆட்டுக்குப் புல் போட்ட நிலத்துல கொட்டலாமா?

மக்க வைத்த பிறகு கொட்டலாம். பச்சை எருவில் செத்த குஞ்சோ எலியோ கிடந்தால் அதில் உருவாகும் நஞ்சு புல்லோடு ஆட்டின் வாயில் போய் பக்கவாதம் மாதிரி கால் விழுந்து படுக்க வைத்துவிடும். செத்ததை எருக்குழியில் போடாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். செம்மறிக்குத் தாமிரம் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். ஒரே நாளில் பல பறவை செத்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவருக்குத் தகவல் கொடுங்கள். அறுத்துச் சமைக்கவோ அக்கம்பக்கம் கொடுக்கவோ வேண்டாம்.

கோழியை எல்லாம் வித்துட்டேன். அதே இடத்துல இப்போ வான்கோழி விடலாமா?

உடனே கூடாது. கோழி போனாலும் புழு முட்டை மண்ணில் இருக்கிறது, மூன்று நாலு வருடம் இருக்கும். சுண்ணாம்பு அடித்தால் போய்விடும் என்பது பாதிதான் உண்மை. மேல்மண்ணுக்கு உதவும், மண்புழு வயிற்றில் இருப்பதைத் தொடாது. வேறு இடமே இல்லை என்றால் கொட்டகைக்குள் சிமெண்ட் தரை போட்டு, குஞ்சுகளை அதன் மேலேயே உமி பரப்பி நாலு மாதம் வளருங்கள். வெளியே வேண்டிய அளவு இடத்தில் மேல்மண்ணை ஒரு அடி வழித்து எடுத்துவிட்டு, செம்மண்ணோ மணலோ கொட்டி மேடாக்குங்கள். தண்ணீர் தேங்காத, வெயில் நன்றாக விழும் மூலையாகப் பார்த்துச் செய்தால் மண்புழு சேராது. வழித்த மண்ணைத் தென்னைக்கு அடியில் போட்டுவிடலாம், வான்கோழி அந்தப் பக்கம் போகாதபடி ஒரு வலை மட்டும் கட்டுங்கள்.